மிச்சமிருந்த ஒரு பந்து

சேப்பாக்கம் மைதானத்தில் 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை மாலை ஒரு கூட்டல் கணக்கு முடிவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் எடுத்தது 574, இரண்டாவதில் 170. மொத்தம் 744. இந்தியா முதலில் 397, பிறகு 347. மொத்தம் 744. ஐந்து நாள் ஆடி, 1,488 ரன் சேர்த்து, கடைசி நாளின் கடைசி ஓவரில் ஒரு பந்து மிச்சமிருந்தபோது இரண்டு அணிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பூஜ்யம்.

டெஸ்ட் கிரிக்கெட் பிறந்தது 1877-ல். அன்றிலிருந்து 2,500-க்கும் அதிகமான டெஸ்ட்கள் ஆடியாகிவிட்டன. டை ஆனவை இரண்டே இரண்டு. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நடந்தது. இரண்டாவது நம் வாலாஜா சாலையில். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'எல்லாம் விதி' என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே நீராவி இருக்கிறது, உப்பு இருக்கிறது, காய்ந்த களிமண் இருக்கிறது, மனிதக் காதால் தாண்ட முடியாத ஒரு வரம்பும் இருக்கிறது.

முதலில் ஆட்ட விதியைப் பார்த்துவிடலாம். டெஸ்டில் ரன்கள் சமமானால் மட்டும் டை ஆகிவிடாது. கடைசியாக ஆடும் அணி முழுக்க ஆட்டமிழந்திருக்க வேண்டும். 1996-ல் புலவாயோவில் ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் மோதிய டெஸ்டிலும், 2011-ல் மும்பை வான்கடேயில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டிலும் ரன்கள் சமமாகத்தான் நின்றன. ஆனால் துரத்திய அணியின் கையில் விக்கெட் மிச்சமிருந்தது, ஓவர்தான் தீர்ந்துவிட்டது. அதனால் அவை டிரா. டைக்கு வேண்டியது இன்னும் கடினமானது. ரன் எண்ணிக்கை சமத்துக்கு வந்து நிற்க வேண்டும். அடுத்த ஒற்றை ரன் வருவதற்குள், அது பையாகவோ நோபாலாகவோ வந்துவிடுவதற்குள், பத்தாவது விக்கெட் விழுந்தாக வேண்டும். அந்தச் சமநிலை சேப்பாக்கத்தில் உயிரோடு இருந்தது இரண்டு பந்துகள் மட்டுமே.

ஸ்கோர் அட்டையில் இன்னொரு விநோதமும் உண்டு. இந்தியா இழந்தது 20 விக்கெட். ஆஸ்திரேலியா இழந்தது 12 தான். முதல் இன்னிங்ஸை 7 விக்கெட்டோடும் இரண்டாவதை 5 விக்கெட்டோடும் கேப்டன் ஆலன் பார்டர் தாமாகவே முடித்துக்கொண்டார். மிச்சமிருந்த எட்டு விக்கெட்டைக் கொடுத்து அவர் வாங்கியது நேரம். நான்காம் நாள் மாலை 170 ரன்னோடு நின்ற ஆஸ்திரேலியா, ஐந்தாம் நாள் காலை மட்டையைத் தொடவே இல்லை. இந்தியாவுக்கு இலக்கு 348. ஆட முடிந்த ஓவர்கள் 87. வகுத்துப் பாருங்கள், ஓவருக்குச் சரியாக 4 வரும். ஓவருக்கு மூன்று ரன் எடுத்தாலே விறுவிறுப்பு என்று நினைத்த காலம் அது. இலக்கு 300 ஆக இருந்தால் இந்தியா நிதானமாகவே தொட்டிருக்கும். 400 ஆக இருந்தால் கவாஸ்கர் காலை முழுக்கத் தடுத்தாடி, மாலையில் டிராவுக்குக் கைகுலுக்கியிருப்பார். ஆசை காட்டும் அளவுக்குக் குறைவாகவும், பயம் காட்டும் அளவுக்கு அதிகமாகவும் பார்டர் வைத்த விலைதான் அன்றைய நாளையே உருவாக்கியது. அதற்கு முன்பு, மூழ்கிக்கொண்டிருந்த இந்தியாவின் முதல் இன்னிங்ஸை 138 பந்தில் 119 ரன் அடித்து ஃபாலோ-ஆன் எல்லையைத் தாண்ட வைத்தவர் கபில்தேவ். அவர் இல்லையென்றால் இந்தக் கணக்குக்கே இடமில்லை.

இனி வெயில். 22-ஆம் தேதியின் கதை 19-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. தமது மூன்றாவது டெஸ்டை ஆடிய மெல்பர்ன்காரர் டீன் ஜோன்ஸ் 503 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல் நின்று 210 ரன் எடுத்தார். ஆடுகளத்தின் ஓரத்தில் வாந்தி எடுத்தார். தசை பிடித்துக்கொண்டது. முடியவில்லை என்று அவர் சொன்னபோது, சரி, வலுவான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை அனுப்பச் சொல்கிறேன் என்று பார்டர் சீண்டியதும், ரோஷத்தில் இவர் தொடர்ந்து ஆடியதும் கிரிக்கெட் உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. ஆட்டமிழந்த பிறகு அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள்.

இந்தக் கதையோடு இரண்டு எண்கள் ஜோடியாக வரும். 40 டிகிரிக்கு மேல் வெப்பம், 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம். கேட்கவே வியர்க்கிறது. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இருந்திருக்க முடியாது.

காரணம் எளிது, அழகானதும்கூட. காற்றில் உள்ள நீராவி எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் பனித்துளியாகப் படியத் தொடங்குமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். காற்றில் உண்மையிலேயே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்லும் நேர்மையான அளவு இதுதான். வானிலை அறிக்கையில் வரும் சதவீதம் அப்படியல்ல. இந்த வெப்பத்தில் காற்று அதிகபட்சம் தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பது அது. வெப்பம் ஏறினால் காற்றின் தாங்கு அளவு ஏறும், சதவீதம் இறங்கும், தண்ணீர் அதே தண்ணீர். செப்டம்பர் விடியற்காலையில் சென்னையில் 26 டிகிரி, பனிநிலை 25 என்று வைத்துக்கொண்டால் ஈரப்பதம் 94 சதவீதம் காட்டும். அதே காற்று பிற்பகலில் 35 டிகிரிக்குச் சூடானால் 56 சதவீதம். காலை ஈரப்பதத்தையும் மதிய வெப்பத்தையும் ஒரே வாக்கியத்தில் எழுதினால்தான் 40-ம் 80-ம் ஜோடி சேரும்.

உண்மையிலேயே 40 டிகிரியும் 80 சதவீதமும் சேர்ந்து வர வேண்டுமானால் பனிநிலை 36 டிகிரி ஆக வேண்டும். சென்னைக்கு நீராவி அனுப்புவது வங்காள விரிகுடா, செப்டம்பரில் அதன் மேற்பரப்பே 29 டிகிரி அளவில்தான் இருக்கும். கடலைவிடப் பெரிதாக ஈரமான காற்றைக் கடலால் அனுப்ப முடியாது. பாரசீக வளைகுடாக் கரையில், சவூதி அரேபியாவின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பதிவான 35 டிகிரிப் பனிநிலைதான் உலகத்தின் உச்சங்களில் ஒன்று. சேப்பாக்கம் அதைத் தாண்டியிருந்தால் ஸ்கோர் புத்தகத்தோடு உலக வானிலைச் சாதனைப் புத்தகத்தையும் திருத்தியிருக்க வேண்டும். ஆட்டமும் நடந்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

நம் உடம்பின் தோலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. தசை உழைக்கும்போது எரிபொருளில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அசைவாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். இது எவ்வளவு பெரிது? அதே வெப்பம் வெளியேறாமல் 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உள்ளேயே தங்கினால் உடல் வெப்பநிலை சுமார் 10 டிகிரி ஏறிவிடும். 37-லிருந்து 42-ஐத் தொட்டாலே உயிருக்கு ஆபத்து. வெயிலில் கடுமையாக ஓடுகிற ஒருவர் மணிக்கு ஒன்றரை லிட்டர் வரை வியர்க்கிறார். ஆக, மட்டை பிடித்து நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது தோலின் மேல் நடக்கும் ஆவியாதல்தான்.

ஆனால் வியர்ப்பது வேறு, வியர்வை காய்வது வேறு. சொட்டாகக் கீழே விழும் வியர்வை வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை, தண்ணீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது. மயிலாப்பூர் மொட்டைமாடிக் கொடியில் மத்தியானம்வரை துணி காயாமல் தொங்கும் நாளில், அதே காரணத்தால் நம் முதுகும் காயாது. காற்று ஏற்கெனவே நிரம்பியிருந்தால் தோலிலிருந்து எழும் ஆவிக்கு இடம் கிடைப்பதில்லை. இதை அளக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் காட்டுவார்கள். தண்ணீர் ஆவியாகி அது எவ்வளவு குளிர முடிகிறதோ அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதரால்கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது கோட்பாட்டளவில் சொல்லப்படும் எல்லை. 40 டிகிரியும் 80 சதவீதமும் சேர்ந்தால் அந்த எல்லைக்கு மேலே போய்விடும். சென்னையின் ஒரு வழக்கமான செப்டம்பர் மதியத்தில் ஈரக்குமிழ் 27, 28 அளவில் நிற்கும். கொடுமைதான், ஆனால் பிழைக்கலாம். ஜோன்ஸ் பிழைத்தார்.

பிழைத்தாரே தவிர, உப்புக் கணக்கில் தோற்றார். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் வெளியே போகிறது. எட்டு மணி நேரத்தில் போகும் உப்பை வெறும் தண்ணீர் குடித்து ஈடுகட்ட முடியாது. தண்ணீர் மட்டும் ஏற ஏற, ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். தசையையும் நரம்பையும் இயக்கும் மின்சமிக்ஞை ஓடுவது சோடியமும் பொட்டாசியமும் செல்லுக்கு உள்ளும் புறமும் மாறி மாறிப் பாய்வதால். அந்தக் கணக்கு குழம்பினால் குமட்டல், மயக்கம், தடுமாற்றம். சலைன் பாட்டிலில் இருப்பதும் மந்திரத் திரவமல்ல. 100 மில்லிக்கு 0.9 கிராம் சமையல் உப்பு கரைத்த தண்ணீர், அவ்வளவே.

இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் தப்பித்துக்கொள்வதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வெயிலுக்குப் பழக உடம்புக்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் போதும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே தொடங்குகிறது, சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சக் கற்றுக்கொள்கின்றன, வியர்வை நீர்த்துப்போகிறது. இந்தப் பழக்கத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாத வெள்ளைக்காரர்கள்தான் 1840-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து கப்பல் கப்பலாக ஏரி ஐஸ்கட்டியை மதராஸுக்கு வரவழைத்தார்கள். அதை வைத்திருந்த ஐஸ் ஹவுஸ், சேப்பாக்கத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே கொஞ்ச தூரம்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

வெப்பமானி சொல்லாத பங்கும் ஒன்று உண்டு. வானிலை நிலையங்கள் காற்றின் வெப்பத்தை நிழலில் அளக்கின்றன. ஆட்டக்காரர் நிற்பது வெயிலில். செப்டம்பர் 22 என்பது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதற்கு ஏறக்குறைய முந்தைய நாள். 13 டிகிரி வடக்கே இருக்கும் சென்னையில் அன்றைய நண்பகல் சூரியன் உச்சந்தலையிலிருந்து 13 டிகிரி மட்டுமே சாய்ந்திருக்கும். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட்டுக்கு அருகில் கொட்டும். அமெரிக்க மரைன் படையினர் பயிற்சியில் சுருண்டு விழுவதைத் தடுக்க 1950-களில் ஒரு கூட்டு அளவை உருவாக்கினார்கள். ஈரக்குமிழுக்கு 70 பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானிக்கு 20 பங்கு, சாதாரண வெப்பமானிக்கு 10 பங்கு. சென்னை மதியத்துக்குப் போட்டுப் பார்த்தால் 32-ஐ ஒட்டி வருகிறது. இன்று பல விளையாட்டு அமைப்புகள் கடும் பயிற்சியை நிறுத்தச் சொல்லும் இடம் அது. நாம் வெறுக்கும் ஈரப்பதத்துக்கு அந்தக் கணக்கில் எத்தனை பெரிய பங்கு என்பதையும் கவனியுங்கள்.

மெரினா அருகில் இருந்தும் கடற்காற்று உதவவில்லையா? தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகச் சூடாகும். தரைமேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். மே மாதத்தில் அதுதான் நம் உயிர்காப்பான். ஆனால் செப்டம்பரில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து எதிர்த்துத் தள்ளுவதால் கடற்காற்று பல நாள் தாமதமாகவே நுழைகிறது. நுழைந்தாலும் அன்றைய சேப்பாக்கத்தின் கனத்த கான்கிரீட் வளையம் அதைத் தாண்டவிடாது. 2011 உலகக் கோப்பைக்கு முன் மைதானத்தைப் புதுப்பித்தபோது மாடங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு, இழுத்துக் கட்டிய துணிக்கூரை போட்டதற்குக் கடற்காற்றை உள்ளே விடுவதும் ஒரு நோக்கம். ஜோன்ஸுக்கு அது 25 வருடம் தாமதம்.

இந்த வெயிலில் கிரெக் மேத்யூஸ் என்ற ஆஃப் ஸ்பின்னர் கம்பளி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசினார். ஏன் என்று உடலியல் எனக்குச் சொல்லித் தரவில்லை, அது மனித இயல்பின் வேறொரு துறை. கடைசி இன்னிங்ஸில் அவர் வீசியது 39.5 ஓவர், எடுத்தது 5 விக்கெட். இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ரே பிரைட் 25 ஓவரில் மீதி 5. இரண்டே பேர் பத்தையும் பங்கிட்டுக்கொண்டார்கள். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

ஐந்தாம் நாள் ஆடுகளம் சுழற்பந்துக்கு ஏன் சாதகமாகிறது என்பதற்கும் விடை ஆவியாதலில்தான் இருக்கிறது. ஆடுகளத்தை இறுக்கிப் பிடித்திருப்பது களிமண். அதன் நுண்தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது. முதல் நாள் ரோலர் ஓட்டிய பரப்பு பளபளவென்று கெட்டியாக இருக்கும். வெயிலில் தண்ணீர் போகப்போக மண் சுருங்கி வெடிக்கிறது, ஓரங்கள் உதிர்கின்றன. அதன் மேல் பூட்ஸ் ஆணிகள் வேறு. ஆஸ்திரேலிய அணியில் 2 மீட்டருக்கும் உயரமான இடக்கை வேகப்பந்து வீச்சாளர் புரூஸ் ரீட் இருந்தார். இடக்கைக்காரர் பந்து வீசிவிட்டு ஓடி இறங்கும் இடம், எதிர் முனையிலிருந்து வீசும் ஆஃப் ஸ்பின்னருக்கு வலக்கை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அமைந்த சொரசொரப்பான பகுதியாகிவிடும். ரீட் அன்று விக்கெட் எடுக்கவில்லை, ஆனால் அவருடைய காலணிகள் மேத்யூஸுக்கு வேலை செய்தன என்று சொல்லலாம்.

அந்தச் சொரசொரப்பில் என்ன நடக்கிறது? மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விடும் பந்து மட்டையைச் சேர எடுக்கும் நேரம் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் அதிகம். விரலால் திருகி விட்ட பந்து நொடிக்கு 30 முறை அளவில் சுழலும். அதாவது வழியில் இரண்டு டஜன் சுற்று. காற்றிலேயே அது வளையத் தொடங்கும், சுழலும் பரப்பு தன்னோடு ஒட்டிய காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிட, காற்று பந்தை மறுபக்கம் தள்ளுகிறது. மேக்னஸ் விளைவு என்பது இதுதான். பிறகு தரையைத் தொடும் சில மில்லிநொடிகளில் உராய்வு அந்தச் சுழற்சியைப் பிடித்துப் பக்கவாட்டு வேகமாக மாற்றுகிறது. பளபளப்பான தரையில் பந்து வழுக்கிவிடும், உதிர்ந்த மண்ணில் கவ்வும். ஒரு பந்து கவ்வி அடுத்தது வழுக்குவதுதான் மட்டையாளருக்கு நரகம்.

ஈரமான காற்று கனமானது, அதனால்தான் பந்து திரும்புகிறது என்று கேலரியில் ஒரு மாமா சொல்லியிருப்பார். எல்லாக் கேலரியிலும் ஒரு மாமா உண்டு. ஈரக்காற்று உண்மையில் இலேசானது. நீர் மூலக்கூறின் எடை 18, அது இடம்பிடித்துத் தள்ளும் காற்று மூலக்கூறுகளின் சராசரி எடை 29. சென்னையின் புழுக்கக் காற்று அதே வெப்பத்தில் உள்ள வறண்ட காற்றைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தது.

இந்தியா துரத்தியது எப்படியென்று சுருக்கமாக. தொடர்ந்து ஆடிய 100-வது டெஸ்டில் கவாஸ்கர் 90. கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்துவிட்டுப் பந்துவீச்சாளர்களுக்கு அதிர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்த நம்மூர் ஸ்ரீகாந்த் 39. அமர்நாத் 51, அசாருதீன் 42, சந்திரகாந்த் பண்டிட் 39. ரவி சாஸ்திரி இன்னும் ஆடிக்கொண்டிருக்க, 331 ரன்னுக்கு 6 விக்கெட். வேண்டியது 17. வெற்றி கைக்குள். அடுத்த 13 ரன்களில் சேத்தன் சர்மா, கிரண் மோரே, ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு சிவலால் யாதவ் என மூன்று பேர் போனார்கள். 344-க்கு 9. கடைசி ஆளாக மணிந்தர் சிங். கடைசி ஓவர், பந்து மேத்யூஸ் கையில், வேண்டியது 4.

இந்த ஓவர் ஒரு கணிதப் பாடம். சாஸ்திரி முதல் பந்தில் ரன் எடுக்கவில்லை. இரண்டாவதில் இரண்டு. வேண்டியது இன்னும் இரண்டு, பந்துகள் நான்கு. மூன்றாவது பந்தைத் தட்டிவிட்டார், ஒரு ரன்னுக்கு வழி இருக்கிறது. எடுப்பதா, விடுவதா? எடுத்தால் மூன்று பந்துகளைச் சந்திக்கப்போவது மணிந்தர். மட்டையில் அவர் எப்படியென்று ஊருக்கே தெரியும். விட்டால் திறமையான கை அடுத்த பந்தையும் ஆடலாம், ஆனால் ஒரு தவறு நடந்தால் தோல்வி. சாஸ்திரி ஓடினார். அந்த 20 மீட்டர் ஓட்டம் முடிந்த கணத்தில் சாத்தியங்களின் பட்டியலிலிருந்து 'இந்தியாவின் தோல்வி' என்ற வரி அழிந்துபோனது. மிச்சம் வெற்றி, டிரா, டை. இரண்டாவது ரன்னையும் தாமே எடுத்திருக்கலாமே என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அன்று கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அவர் எடுத்த முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது. மோசமான முடிவை முற்றிலும் நீக்க ஒரே ஒரு ரன் போதும் என்றால் அதை வாங்கிவிட வேண்டியதுதான்.

நான்காவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் வி. விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். எல்.பி.டபிள்யூ. மட்டையின் உள்விளிம்பில் பட்ட பிறகுதான் காலுக்கு வந்தது என்று மணிந்தர் சொல்லிவருகிறார். மட்டையில் முதலில் பட்டிருந்தால் அவுட் இல்லை. முழு ஆட்டமும் இப்போது ஒரு கேள்விக்குள் சுருங்கிவிட்டது. முதலில் எந்தச் சத்தம்?

காதின் வரம்பு இங்கே வருகிறது. தரையில் பட்டு எழும் சுழற்பந்தின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 17 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மட்டைக்கும் கால்காப்புக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் இருந்தால், இரண்டு தொடுதல்களுக்கும் இடையே 6 மில்லிநொடி. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஆறு பங்கு. அந்தச் சத்தம் 20 மீட்டர் கடந்து நடுவரைச் சேரவே 57 மில்லிநொடி ஆகும், ஆனால் இரண்டும் ஒரே தாமதத்தோடு வருவதால் இடைவெளி அப்படியே இருக்கும். அமைதியான ஆய்வறையில் நம் காது இரண்டு மூன்று மில்லிநொடி இடைவெளியைக்கூட உணரும், அதுவே ஓர் அதிசயம். எந்தச் சத்தம் முதலில் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மூளைக்கு ஏறக்குறைய 20 மில்லிநொடி இடைவெளி தேவைப்படுகிறது. இரண்டு சத்தம் கேட்டது என்று தெரியும், வரிசை தெரியாது. அதுவும் நிசப்த அறையில். சேப்பாக்கத்தின் கடைசி ஓவரில் நிசப்தத்துக்கு எங்கே போவது?

தொலைக்காட்சி காப்பாற்றியிருக்குமா என்றால், அதுவும் இல்லை. அன்றைய தூர்தர்ஷன் ஒளிபரப்பில் நொடிக்கு 25 படச்சட்டங்கள். ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் 40 மில்லிநொடி. 6 மில்லிநொடி நிகழ்வு அந்த வலையின் கண்களுக்குள் நழுவிப் போய்விடும். மூன்றாம் நடுவர் என்பவர் டெஸ்டுக்கு வந்ததே 1992-ல். ஸ்டம்ப் மைக்கின் ஒலி அலையைப் படத்தோடு பொருத்திக் காட்டும் கருவி அதற்கும் பிறகு. ஆக விக்ரம்ராஜுவின் காதும் கண்ணும் தவிர அன்று வேறு கருவி எதுவும் கிடையாது. அவற்றைக் கொண்டு எந்த மனிதராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றை அவர் ஒரு நொடிக்குள் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னார். அதற்குப் பிறகு அவருக்கு டெஸ்டில் நடுவராக நிற்கும் வாய்ப்பு வரவே இல்லை. அவருக்கு நேர்ந்தது நியாயமில்லை என்பது என் கட்சி.

ஸ்கோர் 347, ஓவர் 86.5. பிரிஸ்பேனில் இரண்டு அணிகளும் எடுத்தது தலா 737. அங்கே அப்போது ஓவருக்கு எட்டுப் பந்து, கடைசி விக்கெட் ஏழாவது பந்தில் ரன் அவுட்டாக விழுந்தது. அங்கும் ஒரு பந்து மிச்சம். பிரிஸ்பேனில் ஆடிய பாப் சிம்ப்சன் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலிய அணியின் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தார். உலகத்தில் நடந்த இரண்டு டைகளிலும் இருந்தவர்.

டை அபூர்வம் என்கிறோமே, ஒரு ரன் வெற்றி எத்தனை முறை நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அதுவும் இரண்டே முறைதான். ஆட்டம் அவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இயற்கைக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை. இரண்டாவது 2023-ல் வெலிங்டனில், நியூசிலாந்து இங்கிலாந்தை வென்றது. முதலாவது 1993 ஜனவரி 26 அன்று அடிலெய்டில். மேற்கிந்தியத் தீவுகள் வைத்த இலக்கு 186, ஆஸ்திரேலியா 184-ல் கடைசி விக்கெட்டை இழந்தது. ஒரே ஒரு ரன் கூடுதலாக வந்திருந்தால் மூன்றாவது டை. அன்று கடைசியாக ஆட்டமிழந்தவர் கிரெய்க் மெக்டர்மட், சேப்பாக்கத்தின் கடைசி நாளில் 5 ஓவர் வீசி விக்கெட் கிடைக்காமல் போனவர். அடிலெய்டிலும் கேப்டன் ஆலன் பார்டர்தான். உடைமாற்றும் அறையில் கையில் உருட்டிக்கொண்டிருந்த பந்தை, மெக்டர்மட் அவுட் என்று தெரிந்ததும் தரையில் ஓங்கி அடித்தார்.